இரண்டு பென்டிரைவும் ஒரு மடிக்கணினியும்: சுங்கை சிப்புட்டில் ஒரு கணினிக் கடை

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டின் பழைய கடைவரிசையில் உள்ள ஒரு சிறிய கணினிக் கடை, புதிய மடிக்கணினி வாங்குவோருக்கு இரண்டு பென்டிரைவ்களைத் தயாரித்துக் கையில் கொடுத்தனுப்புகிறது. ஒன்றில் அந்தக் கணினிக்கே உரிய மீட்புக் கோப்புகள் இருக்கும். மற்றொன்றில் எந்தத் தயாரிப்பாளரின் கையும் படாத முழு விண்டோஸ் 11 இருக்கும். பென்டிரைவ்களின் விலையோடு சேர்த்து 60 வெள்ளி (ரிங்கிட்). வீட்டிலிருந்த பழைய கணினியில் விண்டோஸ் 11 ஏறவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவையோ மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. ஆகவே கல்லூரிக்குப் போகும் என் பேத்திக்கு அந்தக் கடையில்தான் ஒரு மடிக்கணினி வாங்கினோம். கணினியைப் பற்றி எழுத அதிகமில்லை, அந்த விலைக்கு எந்தக் கடையிலும் அப்படித்தான் கிடைக்கும். எழுத வேண்டியது அந்த 60 வெள்ளிச் சேவையைப் பற்றி. அது கொடுக்கத் தகுந்த காசுதான். ஆனால் அந்த வேலையில் இரண்டு குறைகள் இருக்கின்றன, அவற்றுள் ஒன்று சாதாரணமானதல்ல.

இப்படி ஒரு சேவை ஏன் தேவைப்படுகிறது என்பது, பெட்டிக்குள் வட்டு வைத்துக் கணினி விற்ற காலத்தைக் கண்டவர்களுக்கே முழுமையாகப் புரியும். 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்தபோது, புதிய கணினியோடு ஏதாவது ஒரு வட்டு வந்துவிடும். அது எந்த வட்டு என்பதில்தான் விஷயமே இருந்தது. டெல் போன்ற சில தயாரிப்பாளர்கள் மறுநிறுவல் வட்டு என்று முழு விண்டோஸையே தந்தார்கள். வேறு பலர் தந்தது மீட்பு வட்டு. சில ஆண்டுகளில் அதுவும் நின்று, வன்தட்டின் ஒரு மூலையில் மறைவான பிரிவொன்றை ஒதுக்கி, அதில் மீட்புக் கோப்புகளைப் போட்டு, வட்டு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். ஏசரில் ஆல்ட்டோடு எஃப்10, எச்பியில் எஃப்11, ஆசுஸில் எஃப்9, டோஷிபாவில் சுழியப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி இயக்குவது என்று ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள். ஒரு டிவிடி கொள்வது 4.7 ஜிபி மட்டுமே என்பதால் ஒரு கணினிக்கு மூன்று நான்கு வட்டுகள் ஆகும். எச்பி கணினிகளிலோ அந்தத் தொகுதியை ஒரே ஒரு முறைதான் எழுத விட்டார்கள். எழுதாமலேயே இருந்துவிட்டவர்கள்தாம் அதிகம். வன்தட்டு பழுதானால் அதற்குள் இருந்த மீட்புப் பிரிவும் அதோடு போய்விடும் என்பதை வாங்கும் நாளில் யாரும் நினைப்பதில்லை.

இரண்டு வட்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் செய்யும் வேலை வேறு. மீட்பு வட்டு, கணினி தொழிற்சாலையை விட்டு வெளிவந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே அதைத் திருப்பி வைக்கும். வன்பொருளை இயக்கும் மென்பொருள்களான டிரைவர்கள் எல்லாம் தத்தம் இடத்தில் வந்து உட்காரும், ஒலியும் இணையமும் உடனே வேலை செய்யும், கூடவே ஒரு மாதம் இலவசம் என்று நச்சரிக்கும் நச்சுநிரல் தடுப்பியும் தயாரிப்பாளரின் விளம்பரச் செயலிகளும் திரும்பி வரும். இடையில் நாம் சேர்த்த எதற்கும் அதன் கணக்கில் இடமில்லை. முழு வட்டு அப்படிப்பட்டதன்று. விண்டோஸின் கோப்பு ஒன்று கெட்டுப்போய்க் கணினி எழாமல் நின்றால், எக்ஸ்பி முழு வட்டை வைத்து, இருக்கும் விண்டோஸின் மேலேயே பழுதுநீக்க நிறுவல் செய்ய முடிந்தது. செயலிகளும் ஆவணங்களும் கலையாமல் நின்றன. மீட்புக் கன்சோல் என்ற கட்டளைத் திரையில் நுழைந்து கெட்டுப்போன ஒரே ஒரு கோப்பை மட்டும் மாற்றவும் முடிந்தது. எந்தப் பிரிவில் நிறுவுவது, எதைத் தொடாமல் விடுவது என்று தீர்மானிக்கும் உரிமையும் கணினிக்காரர் கையில் இருந்தது.

தோட்ட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) வேலை பார்த்த காலத்தில் இந்த வேற்றுமையின் விலையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பால்வெட்டு, செம்பனை அறுவடை இரண்டுக்குமான செக்ரோல் கணக்கு, அதாவது தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவு முழுவதும் ஒரே கணினியில் இருந்தது. வன்தட்டை இரண்டு பிரிவாக்கி, கணக்கை இரண்டாவது பிரிவில் வைத்திருந்தார்கள். முதல் பிரிவு கெட்டாலும் கணக்கு பிழைக்கும் என்பது தலைமைக் கிராணியின் ஏற்பாடு, தவறில்லாத ஏற்பாடும்கூட. சம்பள நாளுக்கு முந்தைய வாரம் விண்டோஸ் எழவில்லை. விற்ற கடைக்காரர் ஆளனுப்பினார், அவர் மீட்பு வட்டுகளைப் போட்டு ஆரம்பித்தார். அந்த வட்டு பிரிவுகளைப் பார்க்கவில்லை. முழு வன்தட்டையும் ஒரே பிரிவாக்கித் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. எச்சரிக்கை ஒன்று திரையில் வந்ததாம், அது எல்லாக் கணினியிலும் வருவதுதான் என்று வந்தவர் தட்டிவிட்டாராம். அந்த மாதச் சம்பளத்தைக் கைப்பேரேட்டைப் பார்த்து மறுபடியும் எழுதினோம். முழு வட்டு ஒன்று அன்று அலுவலகத்தில் இருந்திருந்தால், முதல் பிரிவை மட்டும் சரிசெய்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருக்கலாம்.

தயாரிப்பாளர்கள் முழு வட்டை நிறுத்தியதற்குக் காரணம் கஞ்சத்தனம் மட்டுமன்று. கணினியோடு வரும் விண்டோஸ் உரிமம் அந்த ஒரு கணினிக்கே கட்டுப்பட்டது. கடையில் தனியாக விலைகொடுத்து வாங்கும் உரிமத்தைப் போல அதை வேறொரு கணினிக்கு மாற்ற முடியாது. ஆனால் முழு வட்டு கைக்குக் கை மாறிக்கொண்டே இருந்தது. அதனால்தான் பல மீட்பு வட்டுகள், எழும்போதே மதர்போர்டில் உள்ள தொடக்க நிரலான பயாஸைப் பார்த்து, தன் தயாரிப்பாளரின் கணினிதானா என்று உறுதி செய்துகொண்ட பிறகே வேலையைத் தொடங்கின. 2005-இல் மைக்ரோசாப்ட் இன்னும் ஒரு படி மேலே போய், பெரிய தயாரிப்பாளர்களின் எக்ஸ்பி கணினிகளில் அடியில் ஒட்டியிருக்கும் 25 எழுத்து உரிம எண்ணை இணையவழியாகச் செயலாக்க முடியாதபடி செய்தது. தொலைபேசியில் அழைத்துக் காரணம் சொல்ல வேண்டியதாயிற்று. நம் பக்கத்துப் பட்டணங்களில் இதன் விளைவு விசித்திரமாக இருந்தது. சட்டப்படி காசு கொடுத்து வாங்கிய விண்டோஸின் ஒட்டுச்சீட்டு கணினியின் வயிற்றில் பளபளவென்று இருக்க, பார்மெட் செய்ய வந்த கணினியில் கடைக்காரர்கள் திருட்டுப் பதிப்பை ஏற்றி 50 வெள்ளி வாங்கினார்கள். கையில் வட்டில்லாத வாடிக்கையாளருக்கு அதைக் கேள்வி கேட்க வழியில்லை.

2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்தது. உரிம எண் ஒட்டுச்சீட்டை விட்டு மதர்போர்டுக்குள் போய்விட்டது. முழு விண்டோஸை நிறுவும்போது அதுவே எண்ணைப் படித்து, ஹோம் பதிப்பா புரோ பதிப்பா என்று தெரிந்துகொண்டு தன் வேலையைப் பார்க்கிறது. முழு விண்டோஸையும் மைக்ரோசாப்டே இலவசமாகப் பதிவிறக்கத் தருகிறது, 8 ஜிபி பென்டிரைவ் போதும். ஆக, வட்டு என்ற பொருள் மறைந்த பிறகுதான் முழு வட்டு எல்லோருக்கும் உரியதாயிற்று. மறுபக்கம், தயாரிப்பாளரின் மீட்புக் கோப்புகளை எச்பி, டெல், லெனோவோ ஆகியோர் தத்தம் பதிவிறக்கக் கருவிகள் வழியே தருகிறார்கள். வரிசை எண்ணையோ மாதிரி எண்ணையோ கொடுத்தால் உரிய கோப்புகள் வரும், எச்பியின் கருவி 32 ஜிபி பென்டிரைவ் கேட்கிறது. எல்லாம் கிடைக்கிறதே, பிறகு 60 வெள்ளி எதற்கு என்று கேட்டால், எங்கள் ஊர்ப்பக்கத்து இணையம்தான் விடை. பட்டணத்தில் பைபர் வந்துவிட்டது. செம்பனைக்குள் இருக்கும் லயத்து வீடுகளில் இன்றும் பலர் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை நம்பித்தான் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். விண்டோஸில் உள்ள ‘மேகத்திலிருந்து பதிவிறக்கி மீட்டமை’ என்ற வசதி 4 ஜிபிக்கு மேல் தரவைத் தின்னும். அதுவும் கணினி ஓரளவு எழுந்து, இணையத்தோடு இணைந்தால்தான். மாலை இடிமழையில் கரண்ட் போய் வந்து கணினி எழாமல் கிடக்கும் வீட்டில் அது எந்த வகையிலும் உதவாது.

கடையில் வேலை பார்க்கும் இளைஞர் செய்முறையை ஒளிக்காமல் காட்டினார். முதல் பென்டிரைவை, தயாரிப்பாளரின் கருவி இருந்தால் அதைக் கொண்டும், இல்லாவிட்டால் விண்டோஸிலேயே உள்ள மீட்பு டிரைவ் உருவாக்கியைக் கொண்டும் எழுதுகிறார்கள். இந்த இரண்டாவது வழியில் ஒரு சிறிய கட்டம் வரும்: கணினியின் கோப்புகளையும் மீட்பு டிரைவில் சேர்த்து வை என்பது அதன் பொருள். அதில் டிக் இல்லாமல் எழுதினால் பழுதுபார்க்கும் கருவிகள் மட்டுமே பென்டிரைவில் ஏறும், விண்டோஸ் ஏறாது. வேலை சில நிமிடத்தில் முடிந்துவிடும், பென்டிரைவும் நன்றாகவே எழும், ஆனால் தேவைப்படும் நாளில் அதில் நிறுவ ஒன்றும் இருக்காது. இந்த இளைஞர் டிக் போட்டார். அந்த வேலை ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்தது. பக்கத்து ஒட்டுக்கடையில் தேநீர் குடித்துவிட்டு வரும்படி அவரே சொன்னார்.

இரண்டாவது பென்டிரைவில்தான் இந்தக் கடையின் தனித்திறமை தெரிந்தது. சோதித்துக் காட்டும்படி கேட்டேன். பென்டிரைவைச் செருகி, புதிய கணினியை அதிலிருந்து எழுப்பி, எங்கே நிறுவுவது என்று கேட்கும் திரை வரை வந்தார். பட்டியல் வெறுமையாக இருந்தது; கணினிக்குள் வன்தட்டுக்குப் பதிலாக வரும் 512 ஜிபி எஸ்எஸ்டி இருந்தும், டிரைவ் எதையும் காணவில்லை என்றே விண்டோஸ் சொன்னது. இது கணினியின் பழுதன்று. இன்டெலின் 11-ஆம் தலைமுறைச் செயலி தொடங்கிப் பல மடிக்கணினிகளில் எஸ்எஸ்டியைக் கையாளும் விஎம்டி என்ற ஏற்பாடு இயக்கப்பட்டே வருகிறது. அதற்குரிய சேமிப்பக டிரைவர் மைக்ரோசாப்டின் பொது நிறுவியில் இல்லாவிட்டால் எஸ்எஸ்டி கண்ணுக்குப் படாது. எக்ஸ்பி காலத்தில் சாட்டா வன்தட்டுக்காக எஃப்6 அழுத்தி, டிரைவர் உள்ள நெகிழ்வட்டைச் செருகியவர்களுக்கு இது பழைய கதை. “இதப் பாருங்க ஐயா,” என்று அதே பென்டிரைவில் தாம் முன்கூட்டிப் போட்டிருந்த கோப்புறையைத் திறந்து, இன்டெலின் டிரைவரைத் தேர்ந்தெடுத்தார். பட்டியலில் 476.9 ஜிபி என்று ஒரு வரி உடனே தோன்றியது. நிறுவாமல் அங்கேயே நிறுத்திக் கணினியை அணைத்தார்.

அந்தக் கோப்புறையில் வைஃபை டிரைவரும் இருந்தது, அதுவும் தற்செயலன்று. விண்டோஸ் 11 ஹோம் பதிப்பு முதல் அமைப்பின்போதே இணையத்தைக் கேட்கும். பொது நிறுவியில் அந்த வைஃபை சில்லுக்கு டிரைவர் இல்லையென்றால், இணையம் இல்லாமல் மேலே போக முடியாது, மேலே போகாமல் டிரைவரைப் பதிவிறக்க முடியாது என்ற நிலையில் கணினி நிற்கும். முழு விண்டோஸே எப்போதும் மேல் என்று பேசுவோர் இந்த இடத்தைக் கண்டுகொள்வதில்லை. மீட்பு பென்டிரைவில் இந்தத் தலைவலி ஏதுமில்லை, தயாரிப்பாளர் எல்லா டிரைவரையும் சேர்த்தே கட்டியிருப்பார். ஆகவே ஒன்றுதான் கிடைக்கும் என்றால், கணினியைத் திறந்து பார்க்கும் பழக்கமில்லாத தோட்டப்புறக் குடும்பத்துக்கு நான் மீட்பு பென்டிரைவையே சொல்வேன், செக்ரோல் கணக்கு போன கதைக்குப் பிறகும். எஸ்எஸ்டியையே புதிதாக மாற்ற நேர்ந்தாலும் அதே பென்டிரைவ் புதிய எஸ்எஸ்டியில் விண்டோஸை ஏற்றிவிடும். மறைவான மீட்புப் பிரிவால் அது ஆகாது. பள்ளி, கோயில் நிர்வாகம், கூட்டுறவு என்று நான்கைந்து கணினிகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருக்கும் இடத்துக்கு முழு விண்டோஸும் அந்த டிரைவர் கோப்புறையும்தான் பொருந்தும். ஒரு மாதிரிக்கு எழுதிய மீட்பு பென்டிரைவ் இன்னொரு மாதிரிக்கு ஆகாது என்பதால், கணினிக்கு ஒன்றாக அலமாரியில் சேர்த்துக்கொண்டே போக வேண்டியிருக்கும்.

இனி குறைகள். முதலாவது, இரண்டு பென்டிரைவ்களிலும் கடைக்காரர்கள் ஒட்டித் தருவது ‘விண்டோஸ்’ என்ற ஒரே சீட்டு. நிறம்கூட ஒன்றுதான். ஒன்று வன்தட்டை முழுவதும் துடைத்துவிட்டு எழுதக்கூடியது, மற்றொன்று பிரிவைக் கேட்டு எழுதுவது. அவசரத்தில் எடுக்கும் பொருளுக்கு இந்த அடையாளம் போதாது. நான் கேட்ட பிறகு மார்க்கர் பேனாவால் ஒன்றில் ‘மீட்பு’ என்றும் மற்றொன்றில் ‘முழு’ என்றும், கீழே கணினியின் மாதிரி எண்ணையும் எழுதிக் கொடுத்தார்கள். கேட்காதவர்களுக்கும் அதைச் செய்யலாம்.

இரண்டாவது குறையைச் சாதாரணமாக விட முடியாது. கணினியின் முதல் அமைப்பை, நேரம் மிச்சம் என்று, கடையின் மின்னஞ்சலைக் கொண்டு திறந்த மைக்ரோசாப்ட் கணக்கிலேயே முடித்துத் தருவது அங்கே வழக்கமாக இருக்கிறது. “பிறகு மாத்திக்கலாம் ஐயா, ஒண்ணும் ஆகாது,” என்றார் இளைஞர். ஆகும். புதிய விண்டோஸ் 11 கணினிகள் பெரும்பாலும் கணக்கில் நுழைந்த அந்த நொடியிலிருந்தே எஸ்எஸ்டியைக் குறியாக்கம் செய்து பூட்டிவிடுகின்றன. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து இதற்கான வன்பொருள் நிபந்தனைகளும் தளர்ந்துவிட்டதால் இன்னும் அதிகமான கணினிகள் இதில் அடங்கும். அதைத் திறக்கும் 48 இலக்க பிட்லாக்கர் (விண்டோஸின் குறியாக்க வசதி) மீட்பு எண் போய்ச் சேர்வது, முதலில் நுழைந்த கணக்குக்கு. கணினி ஒருநாள் எழாமல் போனால், இரண்டு பென்டிரைவ்களும் விண்டோஸைத் திருப்பித் தரும். உள்ளே இருக்கும் படங்களையும் பாடக் கோப்புகளையும் மட்டும் காப்பாற்ற வேண்டுமானால் அந்த 48 இலக்கம் வேண்டும். அது கடையின் கணக்கில் கிடந்தால், கடை இருக்கும் வரை, கடைக்காரருக்கு அந்தக் கணக்கின் கடவுச்சொல் நினைவிருக்கும் வரைதான் நம் கோப்பு நமக்கு. கடை மூடிவிட்டால் யாரைப் போய்க் கேட்பது? என் பேத்தி தன் சொந்த மின்னஞ்சலைக் கொடுத்து அமைப்பை முடித்தாள், தன் கணக்கின் சாதனங்கள் பக்கத்தைக் கைப்பேசியில் திறந்து, அந்த எண்ணை ரசீதின் பின்புறம் எழுதி இரண்டாம் முறை ஒப்பிட்டும் பார்த்தாள். இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சேவையின் ஒரு பகுதியாகக் கடையே இதைச் செய்யாமல் இருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

விலையைப் பொறுத்தவரை, நம் பென்டிரைவைக் கொண்டுபோனால் 60 வெள்ளி 30 வெள்ளியாகக் குறைகிறது. இணையச் சந்தைகளில் அதைவிட மலிவாக விண்டோஸ் பென்டிரைவும் உரிம எண்ணும் சேர்த்து விற்கிறார்கள். புதிய கணினியின் உரிமம் மதர்போர்டிலேயே இருக்கும்போது அந்த எண்ணுக்குத் தேவையே இல்லை, முகம் தெரியாதவர் எழுதிய நிறுவியில் விண்டோஸைத் தவிர வேறென்ன இருக்கிறது என்பதற்கும் உத்தரவாதமில்லை. கடைக்காரர்கள் தமிழில் பொறுமையாக விளக்குகிறார்கள், என் வயதுக்காரர்களிடம் குரலை உயர்த்துவதில்லை. ஈப்போ வரை போனால் கணினியின் விலை சற்றுக் குறையலாம், ஆனால் நான் விசாரித்த அங்குள்ள பெரிய கடைகளில் பென்டிரைவைப் பற்றிக் கேட்டதற்கு, “உள்ளேயே மீட்பு இருக்கிறது” என்பதற்கு மேல் பதில் வரவில்லை.

போகிறவர்கள் 32 ஜிபி அளவில் ஒரு பென்டிரைவும் 16 ஜிபி அளவில் ஒன்றும் எடுத்துப்போனால் போதும். அவற்றில் இருப்பது எல்லாம் அழிக்கப்படும் என்பதால் கல்யாணப் படங்கள் உள்ளதைக் கொண்டுபோக வேண்டாம். காசு கொடுப்பதற்கு முன் இரண்டிலிருந்தும் கணினியை எழுப்பிக் காட்டச் சொல்லுங்கள், மறுக்காமல் செய்கிறார்கள். விண்டோஸ் புதுப்பிப்புகள் சேர்ந்துகொண்டே போவதால் மீட்பு டிரைவை ஆண்டுக்கொரு முறை புதிதாக எழுதிக்கொள்ளும்படி மைக்ரோசாப்டே சொல்கிறது. தங்களிடம் வாங்கிய கணினியாக இருந்தால் அதை 10 வெள்ளிக்குச் செய்து தருவதாகக் கடைக்காரர் ரசீதிலேயே எழுதிக் கையெழுத்திட்டுத் தருகிறார்.